குழந்தைகள் இல்லத்திலும் தத்திலும் பிரிந்த உடன்பிறப்புகள்: உங்கள் அனுபவங்கள்

மதுரை அக்கா:
அம்மா இறந்தபின், ஆதரவற்ற பிள்ளைகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு எங்கள் இருவரையும் ஒன்றாகத்தான் விசாரித்தது. ஆனால் பெண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், ஆண்பிள்ளைகளுக்கு வேறோர் இல்லம் என்பதால் 11 வயதில் நான் ஒரு பக்கமும் 7 வயதுத் தம்பி ஒரு பக்கமும் போனோம். இடையில் பேருந்தில் அரை மணி நேரம்கூட இல்லை. அழைத்துப் போக ஆள் இல்லை என்று சொல்லிச் சொல்லியே இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பிறகு ஒரு பொங்கல் விடுமுறையில் பார்த்தபோது, என் மடியிலேயே தூங்கி வளர்ந்தவன், கையைக் கட்டிக்கொண்டு நின்று, "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். அந்த "நீங்க" இன்னும் என் காதில் இருக்கிறது.

கோவை அப்பா:
எங்கள் மகள் 6 வயதில் தத்து வந்தாள். ஒவ்வொரு இரவும் தோசையைப் பிய்த்து, பாதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பாள். யாருக்கு என்று கேட்டதற்குப் "பாப்பாவுக்கு" என்றாள். தங்கை ஒருத்தி இருந்ததும், அவள் முன்பே வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டதும் அதன்பின் விசாரித்தபோதுதான் தெரிந்தன. குழந்தை கலங்குவாளே என்று பேச்சை மாற்றினோம். மூன்றாவது மாதம் முழுத் தோசையையும் சாப்பிட்டாள். மறந்துவிட்டாள், அதுவே நல்லது என்று எண்ணினேன்.

முன்னாள் இல்லப் பணியாளர்:
கோவை அப்பா சொல்வதை நான் ஏற்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று அவள் கண்டுகொண்டிருக்கலாம். எங்கள் இல்லத்தில் ஒரு சிறுவன் பல ஆண்டுகள் அண்ணனைப் பற்றி வாயே திறக்கவில்லை. 18 வயது முடிந்து வெளியேறிய அன்று அவன் கேட்டது அண்ணனின் முகவரியை மட்டும்தான்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், வளர்ப்புக் குடும்பத்துக்கு, அதாவது தத்தெடுக்காமல் பிள்ளையை வளர்க்கும் குடும்பத்துக்கு, அனுப்பும்போது உடன்பிறப்புகளைச் சேர்த்தே வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது. தத்து என்று வந்துவிட்டாலோ, பிறந்த குடும்பத்து உறவுகள் அறுந்தன என்று அதே சட்டம் சொல்லிவிடுகிறது. தங்கையைப் பார்ப்பது உரிமை என்று வாதாட அதில் பிடி இல்லை. ஆனாலும், 18 வயது நிரம்பாத பிள்ளை தத்துப் பெற்றோருடன் சேர்ந்து தன் வேர்களைத் தேடி விண்ணப்பிக்கலாம். ஆகவே உங்கள் மகள் பெரியவளாகட்டும் என்று காத்திராமல், தத்து கொடுத்த நிறுவனத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் இப்போதே எழுதுங்கள். தங்கையைத் தத்தெடுத்த குடும்பம் இசைந்தால் அவர்களிடம் கொடுக்கும்படி மகளின் புகைப்படம் ஒன்றைக் கடிதத்தோடு வையுங்கள். அதன் பின்புறம் அவளுடைய பழைய பெயரையும் எழுதுங்கள், ஏனென்றால் தங்கைக்குத் தெரிந்தது அந்தப் பெயர்தான்.