மாணவர் விசாவுக்கு ஓர் ஆண்டுச் செலவை முன்கூட்டியே காட்டச் சொல்வது நியாயமா?

திசைகாட்டி:
மாணவர் விசாவுக்குக் கேட்கிற ஆவணங்களில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: பணத்தைக் காட்டச் சொல்வது. பல்கலைக்கழகம் சேர்க்கைக் கடிதம் கொடுத்தாயிற்று, மொழித்தேர்வு எழுதியாயிற்று, காப்பீடும் எடுத்தாயிற்று. அதற்கு மேலும் ஜெர்மனிக்கு 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுன்டில், அதாவது மாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில், போட வேண்டும். கனடாவில் 2025 செப்டம்பரிலிருந்து கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக 22,895 கனடிய டாலர். ஆஸ்திரேலியாவில் வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 29,710 ஆஸ்திரேலிய டாலர். இன்னும் சம்பாதிக்கவே தொடங்காத பிள்ளையிடம் இவ்வளவு பணம் எப்படி இருக்கும்? பெற்றோரிடம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மதிப்பெண்ணை வைத்துப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த ஒருவரை, குடும்பத்தின் சொத்தை வைத்து விசா அலுவலகம் மறுபடி வடிகட்டுகிறது. இந்த விதியே வேண்டாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

பனிக்காலம்:
மறுக்கிறேன். ஜெர்மனியில் புதிதாக வரும் மாணவர்களுக்கு உதவுகிற ஒரு குழுவில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். வந்து இறங்கிய முதல் மாதம் எப்படிப் போகும் தெரியுமா? அறைக்கு முன்பணம் கேட்பார்கள். 3 மாத வாடகை வரை வாங்கச் சட்டமே இடம் தருகிறது. குடிபோன 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அந்தச் சான்று கையில் இருந்தால்தான் குடியிருப்பு அனுமதிக்கான வேலையே நகரும். காப்பீட்டுத் தவணை, செமஸ்டர் கட்டணம், அனுமதி அட்டைக்கான கட்டணம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். வேலை உடனே கிடைக்காது, மொழி தெரியாதவருக்கு இன்னும் தாமதமாகும். அந்த நேரத்தில் பிளாக்டு அக்கவுன்டிலிருந்து மாதம் 992 யூரோ வருவதால்தான் பலர் தாக்குப்பிடிக்கிறார்கள். அது அரசு எடுத்துக்கொள்கிற பணம் இல்லை. மாணவர் பெயரில் இருக்கிறது, மாணவருக்கே திரும்பி வருகிறது.

விதியை எடுத்துவிட்டால் முதலில் மகிழ்வது முகவர்கள்தான். "போய்ப் பகுதி நேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம்" என்று சொல்லி ஏற்றிவிடுவார்கள். பிள்ளை இரவு முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்கும். படிப்பு பின்தங்கினால் அனுமதியைப் புதுப்பிப்பதும் சிக்கலாகும். இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

திசைகாட்டி:
// மாணவர் பெயரில் இருக்கிறது, மாணவருக்கே திரும்பி வருகிறது //

சரிதான். ஆனால் திரும்பி வர வேண்டுமென்றால் முதலில் போட வேண்டுமே! போட முடியாதவரைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். இன்னொன்று: மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம் என்று ஜெர்மனியே சொல்கிறது. 2024 மார்ச் வரை அது 120 நாள், கூட்டியிருக்கிறார்கள். பிரிட்டனில் வகுப்பு நடக்கிற காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் விசாவுக்குக் கணக்குப் பார்க்கும்போது, நாளைக்கு வரப்போகிற அந்தச் சம்பளத்தை பிரிட்டன் ஒரு காசுகூடச் சேர்த்துக்கொள்ளாது. வேலையும் செய்யலாம், அதை நம்பவும் கூடாது என்றால் எப்படி?

தொகையைக் கூட்டுகிற விதத்தையும் பாருங்கள். கனடாவில் 10,000 டாலராக இருந்ததை 20,635 ஆக்குகிறோம் என்று 2023 டிசம்பர் 7-ஆம் தேதி அறிவித்தார்கள். 2024 ஜனவரி 1 முதல் அமல். கடன் பேசி முடித்து, விண்ணப்பிக்கத் தயாராக இருந்த குடும்பம் மூன்று வாரத்தில் இன்னொரு 10,000 டாலருக்கு எங்கே ஓடும்?

பனிக்காலம்:
கனடா உதாரணம் என் பக்கத்துக்கும் பேசுகிறது நண்பரே. அந்த 10,000 டாலர் 2000-களின் தொடக்கத்திலிருந்து மாறவே இல்லை என்று கனடா அரசே ஒப்புக்கொண்டது. இருபது ஆண்டு வாடகை ஏறிக்கொண்டே இருந்தது, காகிதத்தில் தொகை அப்படியே நின்றது. விதிப்படி பணம் காட்டி வந்த பிள்ளைகள் நிலத்தடி அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். தொகை குறைவாக இருப்பது மாணவருக்குச் செய்கிற உதவி இல்லை. ஒரே தாவாகத் தாவியது தவறு, அதில் உங்களோடு நிற்கிறேன். ஜெர்மனியில் இந்தத் தொகை ஆகாயத்திலிருந்து வரவில்லை. சொந்த நாட்டு மாணவருக்கு அரசு தருகிற கல்வி உதவித்தொகையின் உச்ச அளவை ஒட்டித்தான் வைக்கிறார்கள். அது ஏறினால் இதுவும் ஏறும்.

கரைதொட்டவள்:
இருவருமே ஜெர்மனியை வைத்துப் பேசுகிறீர்கள். பிரிட்டனுக்கு வாருங்கள். அங்கே பணத்தை முடக்கத் தேவையில்லை, காட்டினால் போதும். லண்டனில் படிப்பவர் மாதம் 1,529 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு 13,761 பவுண்டும், இன்னும் கட்டாத கல்விக் கட்டணமும் கணக்கில் வைத்திருக்க வேண்டும். தொடர்ந்து 28 நாள். அந்த 28-ஆவது நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு 31 நாளுக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது. நடுவில் ஒரு நாள், ஒரு பவுண்டு குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். வங்கி ஏதோ ஒரு சேவைக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டது என்ற காரணமெல்லாம் எடுபடாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தேவையான தொகைக்கு மேலே கொஞ்சம் கூட்டியே வைக்கச் சொல்கிறார்கள்.

சரி, 28 நாள் முடிந்து விண்ணப்பமும் போட்டாயிற்று. அப்புறம் அந்தப் பணம்? பலருக்கு அது கைமாற்று. மாத வட்டிக்கு வாங்கியது, கொடுத்தவரிடமே போய்விடுகிறது. மாணவர் விமானம் ஏறும்போது கையில் இருப்பது வட்டிச் சுமை மட்டும். பனிக்காலம் சொல்கிற பாதுகாப்பு இங்கே எங்கே இருக்கிறது? மாணவர் பட்டினி கிடக்கக் கூடாது என்பது நோக்கமானால் ஜெர்மனி செய்வதில் பொருள் இருக்கிறது. பிரிட்டன் முறையில் சோதிக்கப்படுவது, ஒரு மாதத்துக்குப் பணம் புரட்டித் தர யாராவது இருக்கிறார்களா என்பதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கா, ஜப்பான், சீனா போன்ற சில நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால், இந்த வங்கிக் காகிதங்களை விண்ணப்பத்தோடு பிரிட்டனுக்குக் கொடுக்கவே வேண்டாம்; கேட்டால் காட்டினால் போதும். பணம் இருக்க வேண்டும் என்ற விதி அவர்களுக்கும் உண்டு. ஆனால் காகிதத்துக்காக இரவு தூக்கம் கெடுவது மற்றவர்களுக்கு மட்டும். எனக்கு வலிக்கிற இடம் இதுதான்.

நூலகவாசி:
விசா கிடைப்பதோடு கதை முடிந்தது மாதிரி எல்லோரும் பேசுகிறீர்கள். இரண்டாம் ஆண்டு அனுமதியைப் புதுப்பிக்கும்போது என்ன பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். நெதர்லாந்தில் குடியிருப்பு அனுமதிக்குப் பல்கலைக்கழகமே விண்ணப்பிக்கிறது, மாணவருக்குப் பொறுப்பாளரும் அதுதான். பாடங்களில் தேறினால் கிடைக்கிற புள்ளிகளான கிரெடிட்டில், ஆண்டுக்குரிய 60-இல் பாதியாவது எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. உடல்நலக் குறைவு போன்ற தக்க காரணம் இருந்தால் விலக்கு. தம்பி திசைகாட்டி, நீங்கள் கேட்பது இதுதானே? பணத்தை விட்டுப் படிப்பைப் பார்ப்பது.

திசைகாட்டி:
இதேதான்! படிக்க வந்தவரைப் படிப்பை வைத்து அளப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பொறுப்பைப் பல்கலைக்கழகம் ஏற்கட்டும்.

பனிக்காலம்:
அவசரப்படாதீர்கள். நெதர்லாந்திலும் பணம் கேட்கிறார்கள். அங்கே பல பல்கலைக்கழகங்கள் வாழ்க்கைச் செலவுக்கான தொகையைத் தங்கள் கணக்குக்கே அனுப்பச் சொல்கின்றன. மாணவர் வந்து வங்கிக் கணக்கு திறந்ததும் திருப்பித் தருகின்றன. பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பணம் கேட்பதும் பல்கலைக்கழகத்துக்கு மாறும், அவ்வளவுதான். அதைவிட மோசமாகவும் ஆகலாம். பணமில்லாத மாணவரால் தனக்குத் தொல்லை என்று நினைத்தால், சேர்க்கைக் கடிதம் கொடுக்கும் முன்பே குடும்ப வருமானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

புதுப்பித்தலைப் பற்றி நூலகவாசி சொன்னது நல்ல விஷயம். ஜெர்மனியில் புதுப்பிக்கும்போதும் பணம் பார்ப்பார்கள், ஆனால் அப்போது சம்பளச் சீட்டும் கணக்கில் வரும். இதைப் படிக்கிற மாணவர்களுக்கு ஒன்று: அட்டை காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். முன்பே விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கு ஒரு இடைக்காலச் சான்றும் தருவார்கள். அலுவலகத்தில் நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது என்று காத்திருந்து, தேதி தாண்டிய பிறகு போய் நிற்காதீர்கள்.

திசைகாட்டி:
// அப்போது சம்பளச் சீட்டும் கணக்கில் வரும் //

அப்படியானால் இரண்டாம் ஆண்டில் சம்பளத்தை நம்புகிற அரசு முதல் ஆண்டில் ஏன் கொஞ்சம்கூட நம்பக் கூடாது? பிரான்ஸ் மாதம் 615 யூரோ அளவுக்குத்தான் ஆதாரம் கேட்கிறது. ஜெர்மனி கேட்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யவும் விடுகிறது.

கரைதொட்டவள் சொன்னதைக் கேட்ட பிறகு என் கோரிக்கையை இப்படி வைக்கிறேன். ஒன்று, 12 மாதத் தொகைக்குப் பதில் முதல் 3 மாதத் தொகை போதும். இரண்டு, தொகை மாறினால் ஏற்கனவே சேர்க்கைக் கடிதம் வாங்கியவருக்குப் பழைய தொகையே செல்ல வேண்டும். மூன்று, காகிதம் கேட்டால் எல்லா நாட்டவரிடமும் கேட்க வேண்டும்.

கரைதொட்டவள்:
மூன்றாவதற்கு என் முழு ஆதரவு. முதலாவதை 6 மாதம் என்று மாற்றினால் அதற்கும் ஆதரவு.

பனிக்காலம்:
இரண்டாவதும் மூன்றாவதும் எனக்கும் சம்மதம். முதலாவதற்கு ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். 615 யூரோவை வைத்துக்கொண்டு பாரிசில் அறை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் வேலை கிடைக்காத பிள்ளைக்கு நான்காவது மாத வாடகையை யார் கட்டுவது? அதற்கு ஒரு வழி சொல்லுங்கள், மேற்கொண்டு பேசலாம்.