பெசன்ட் நகர் பீச் க்ளீனப்: கட்டின மூட்டை எங்கே போகிறது?

ஈரமணல்:
ஞாயிறு காலை ஆறு மணிக்கு எலியட்ஸ் பீச்சில் கூடினோம். எண்பது பேர், இரண்டு மணி நேரம், 400 கிலோ குப்பை. எங்கள் ஃபிளாட்ஸ் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். ஒருவர், "மூட்டையெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டார். லாரி எடுத்துப் போயிற்று என்றேன். "லாரி எங்கே போகும்?" என்றார். பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன், இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாங்கள் செய்வது வீண்வேலை என்று நினைப்பவர்கள் இங்கே வெளிப்படையாகச் சொல்லலாம்.

கணக்கன்:
சொல்லிடறேன். சென்னையில் ஒரு நாளைக்குச் சேரும் குப்பை 5,000 டன்னுக்கு மேல். 50 லட்சம் கிலோ. ஒரு நாளின் 86,400 நொடியால் வகுத்துப் பாருங்கள், நொடிக்கு ஏறக்குறைய 58 கிலோ. எண்பது பேர் இரண்டு மணி நேரம் குனிந்து பொறுக்கியது இந்த ஊர் ஏழு நொடியில் போடும் குப்பை.

லாரி எங்கே போகும்? தென்சென்னைக் குப்பைக்குப் பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியை 2022-ல் வாங்கிய அதே பள்ளிக்கரணைதான். அங்கே பல வருஷத்துப் பழங்குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க வேண்டி வந்தது. நீங்கள் கடற்கரையிலிருந்து எடுத்துச் சதுப்பு நிலத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள். மூட்டை இடம் மாறியது, அவ்வளவுதான்.

போன வருஷம் எங்கள் ஆபீஸ் நடத்திய 'பசுமை ஞாயிறு'க்கு நானும் போனேன். இருபதடி ஃபிளெக்ஸ் பேனர், ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில், பாலியெஸ்டர் டீ-ஷர்ட். முடிந்ததும் பேனரைச் சுருட்டி அதே மூட்டையில் திணித்தார்கள்.

ஈரமணல்:
நாங்கள் பேனர் கட்டுவதில்லை. தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். எல்லாரையும் ஒரே மூட்டையில் போடாதீர்கள்.

ஏழு நொடிக் கணக்கு சுவாரசியம்தான். ஆனால் பொறுக்கும்போது என்ன கிடைக்கிறது என்று நாங்கள் எண்ணுகிறோம். இந்த வாரம் ஒரு மூட்டை நிறைய தண்ணீர் பாக்கெட். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 வகை பிளாஸ்டிக்கில் தண்ணீர் பாக்கெட்டும் உண்டு. தடை காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கையில் பிடிக்கக்கூடிய சாட்சி வேண்டுமா? அடுத்து செருப்பு, தெர்மாகோல், சாமி மாலை, நாப்கின். வீட்டில் உட்கார்ந்து வகுத்தல் போடுகிறவருக்கு இதெல்லாம் தெரிய வராது.

குப்பத்தான்:
சார், ஒரு விசயம் சொல்றேன், கோச்சிக்காதீங்க. ரெண்டு வருசம் முன்ன உங்கள மாதிரி ஒரு கூட்டம் வந்துச்சு. எங்க சித்தப்பா மணல்ல காயப்போட்ட வலைய ரெண்டு பசங்க குப்பைன்னு நெனச்சி அறுத்து மூட்டைல கட்டிட்டாங்க. கேக்கப் போனா, "பீச்சுல ஏன் போட்டு வச்சிருக்கீங்க?"ன்றாங்க. வலைய பீச்சுல போடாம பின்ன பால்கனிலயா போடுவாரு? அது அவருக்கு ஆபீஸ் சார்.

இன்னொண்ணு. இந்தக் குப்பைய பீச்சுக்கு வர்றவன்தான் போடறான்னு நெனைக்கிறீங்க. பாதி அப்படித்தான். மழைக்காலத்துல அடையாத்துல வெள்ளம் வந்தா சைதாப்பேட்ட, கோட்டூர்புரம் குப்பையெல்லாம் முகத்துவாரம் வழியா கடலுக்கு வந்துரும். அந்த மாசங்கள்ல தண்ணி வடக்கேர்ந்து தெக்கால இழுக்கும். முகத்துவாரத்துக்குத் தெக்கால முதல்ல இருக்கறது நாங்கதான். ஆகாயத்தாமரையும் பாட்டிலும் கலந்து மெத்தை மாதிரி ஒதுங்கும். அப்ப ஒரு ஆளக் காணோம். மழை விட்டு வெயில் அடிச்சா வர்றீங்க.

ஈரமணல்:
வலை விஷயம் தெரியாது, கேட்கவே சங்கடமாக இருக்கிறது. இனி குப்பத்தில் கேட்காமல் எந்த வலையையும் தொட மாட்டோம். மழை மாதங்களில் ஏன் வருவதில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரவுநடை:
இரண்டு வார்த்தை என்னிடமிருந்தும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறார்கள். கண்ணில் படாமல் தப்பிய கூடும் இருக்கலாம், ஆகவே அந்த மாதங்களில் மணலைக் கிளறாதீர்கள். மேலே கிடப்பதை மட்டும் எடுங்கள்.

துப்புரவால் ஆமை பிழைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2025 தொடக்கத்தில் சென்னையிலும் பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அதற்குப் பெரிய காரணம் இழுவைமடி வலை. மூச்சு வாங்க மேலே வர முடியாமல் நீருக்குள்ளேயே செத்தவை. அதைச் சாக்குப்பையால் தடுக்க முடியாது.

கொருக்குப்பேட்டை:
பெசன்ட் நகர்னா இத்தனை பேர் பேச வர்றீங்க. 2023 டிசம்பர்ல புயல் மழை வெள்ளத்தோட எங்க வடசென்னைல எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவினப்போ, மீனவங்க வாளியும் கையுமா அள்ளினாங்க. ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல எத்தனை பேரு அங்க வந்தீங்க? கொடுங்கையூர்ல குப்பை எரிக்கிற ஆலை வேணாம்னு நாங்க தெருவுல நிக்கிறோம். எரிக்கிறது எங்க குப்பை மட்டும்தானா? ஊர்க் குப்பை. பசுமை நிகழ்ச்சிக்கெல்லாம் காத்து நல்லா வீசற இடம்தான் தேவைப்படுது போல.

கணக்கன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். பொறுக்குவது சுலபம், படம் நன்றாக வரும். சண்டை போடும் இடத்துக்கு யாரும் போக மாட்டார்கள்.

மண்புழு:
கணக்கன் சார், சண்டைன்னதும் எங்க ஃபிளாட்ஸ் ஞாபகம் வந்துச்சு. 64 வீடு, நான் செயலாளர். மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பைன்னு மூணாப் பிரிக்கணும்னு 2016 விதியே சொல்லிச்சு. நாங்க பிரிச்சு, ஈரக் குப்பைய காம்பவுண்டுலயே உரமாக்க ஆரம்பிச்சது அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான். மொதல் மாசம் நாத்தம், ரெண்டாம் மாசம் புழு, மூணாம் மாசம் எனக்கு எதிரா கையெழுத்து வேட்டை. அப்புறம்தான் ஈரம் ஜாஸ்தின்னு புரிஞ்சுது. தென்னை நார்க் கழிவும் காஞ்ச இலையும் மாத்தி மாத்திப் போட்டு, புளிச்ச மோர் தெளிச்சோம். அடங்கிடுச்சு.

இப்ப ஒரு நாளைக்கு 45 கிலோ ஈரக் குப்பை காம்பவுண்ட விட்டு வெளிய போறதில்ல. வருஷத்துக்கு 16 டன். ஈரமணல் தம்பி, உங்க ஞாயித்துக்கிழமை மாதிரி நாப்பது. ஒரு போட்டோ கெடையாது. சொல்லப்போனா யாரும் பக்கத்துலயே வர மாட்டாங்க.

இன்னும் சரியாகாத ஒண்ணும் இருக்கு. நாப்கினைத் தனியாச் சுத்திக் குடுங்கன்னா பாதி வீட்டுல கேக்கறதில்ல. வண்டில வர்ற அம்மா வெறுங்கையால பிரிக்கறாங்க.

ஈரமணல்:
அக்கா, ஒன்று கேட்கிறேன். இந்த வேலையைத் தொடங்கியது எத்தனை பேர்? அவர்களுக்கு இந்த எண்ணம் எங்கே வந்தது?

மண்புழு:
நாலு பேர். அதுல மூணு பேரு ஒரு பீச் க்ளீனப்ல பார்த்துப் பழகினவங்க, நானும் சேர்த்து. நீங்க எதுக்குக் கேக்கறீங்கன்னு தெரியுது. ஆனா அன்னிக்கு எங்களோட வந்தவங்க நூறு பேருக்கு மேல. மீதிப் பேரு என்ன ஆனாங்க?

ஈரமணல்:
வாதத்துக்கு அந்த மூன்று பேர் எனக்குப் போதும். கணக்கன், உங்கள் வீட்டில் எத்தனை குப்பை வாளி?

கொருக்குப்பேட்டை:
கணக்கன் சார ஆளக் காணோம்.

கணக்கன்:
இருக்கேன். ஒரு வாளி. முன்பு இரண்டு வைத்திருந்தோம், அம்மா பிரித்துப் பிரித்துப் போடுவார். ஒருநாள் மாடியிலிருந்து பார்த்தால், பேட்டரி வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதோடு விட்டுவிட்டோம். இதில் தப்பு என் மேல் மட்டும் இல்லை.

மண்புழு:
வண்டில தனித்தனி டப்பா இருக்கும் சார். பத்து வீட்டுல ஒரு வீடு பிரிச்சுக் குடுத்தா அவங்க அதை எங்க வைப்பாங்க? தெரு முழுக்கப் பிரிச்சா அவங்களும் பிரிப்பாங்க. எங்களுக்கு அப்படித்தான் நடந்துச்சு. அதுக்கு எட்டு மாசம் ஆச்சு, அதையும் சொல்லிடறேன்.

கணக்கன்:
எட்டு மாதம் தினமும் கீழே போய் நிற்க எனக்கு நேரம் இல்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் நேரமுள்ளவர்களை நம்பி ஒரு ஊர் ஓட முடியாது, மாநகராட்சி செய்ய வேண்டியதை மாநகராட்சிதான் செய்ய வேண்டும். அதில் என் கருத்து மாறவில்லை.

குப்பத்தான்:
ஈரமணல் சார், அடுத்த ஞாயிறு வந்தீங்கன்னா எட்டு மணிக்குக் கெளம்பிடாதீங்க. நீங்க கெளம்பற நேரந்தான் எங்க போட்டு கரை ஏறும். வலைல மீனோட எவ்ளோ பிளாஸ்டிக் வருதுன்னு காட்டறேன். சாக்கு வேணாம், தராசு எடுத்துனு வாங்க. தனியா எட போட்டுப் பாக்கலாம்.

ஈரமணல்:
தராசு இருக்கிறது. கையுறை கொண்டு வரட்டுமா?

குப்பத்தான்:
மீன் நாத்தம் ஆவாதுன்னா எடுத்துனு வாங்க.