மாம்பழ சன்டே செய்தவர்கள் வாங்க, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்க

கிருஷ்ணகிரியில் ஜூன் மாதம் வந்தால் யார் வீட்டிலும் மாம்பழத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் ஐஸ்கிரீம் மேல் சாஸ் ஊற்றிச் செய்யும் எங்கள் வீட்டு சன்டேவில் சாக்லேட் சாஸுக்கு வேலையே கிடையாது. அல்போன்சாதான் ஒசத்தி என்பார்கள். வெட்டித் தின்ன சரி, ஆனால் சாஸுக்கு என் ஓட்டு பெங்களூராவுக்குத்தான். இங்கே மாங்கூழ் கம்பெனிகள் லோடு லோடாக இறக்குவதும் அதைத்தானே! அதில் இருக்கும் லேசான புளிப்பு வெனிலாவின் திகட்டலை அடக்கிவிடும்.

நன்றாகப் பழுத்ததை மிக்ஸியில் அடித்து, ஒரு கப் கூழுக்குக் கால் கப் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அடி கனமான பாத்திரத்தில் கிண்ட வேண்டும். கொதிக்கும்போது கையில் தெறிக்கும், நீளக் கரண்டியாக எடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக இல்லாமல் பட்டையாக இறங்க வேண்டும், அதுதான் பதம். இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்றால், வெறும் பழத்துண்டை ஃப்ரீசரில் வைத்தால் கல்லாகிவிடும், தண்ணீர் வற்றி சர்க்கரை ஏறிய சாஸ் அப்படி இறுகாது. ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பிறகே ஊற்றுங்கள்.

கடையில் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'ஐஸ்கிரீம்' என்றிருந்தால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும், 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றிருந்தால் பெரும்பாலும் தாவரக் கொழுப்புதான்.

அப்புறம் மேலே தூவ நிப்பட், அதாவது நம்ம தட்டை மாதிரி மொறுமொறு பலகாரம்! கையாலேயே நொறுக்கி, கடைசி நிமிடத்தில். லீவுக்கு வந்த நாத்தனார் மகன், "ஐஸ்கிரீம்ல காரமா அத்தை?" என்று மூஞ்சியைச் சுளித்தான். நிப்பட்டில் இருக்கும் வேர்க்கடலையும் மிளகாய்த்தூளும் மாம்பழத்தோடு சேர்ந்ததும் பேச்சே இல்லை, கிளாஸின் அடியில் ஒட்டியிருந்த தூளைக்கூட ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

— அக்கா, நாங்க தர்மபுரி. எங்க வீட்டில் நிப்பட்டுக்குப் பதில் கடலை மிட்டாயை உடைச்சுப் போடுவோம். ஆனா மதியம் கரண்ட் போய் வந்ததில் ஐஸ்கிரீம் லேசா இளகி மறுபடி இறுகி, வாயில் வச்சா நறநறன்னு ஐஸ் தட்டுப்படுது. என்ன செய்யலாம்?

— இளகினால் உள்ளே அடைபட்ட காற்று போய்விடும்மா, மறுபடி இறுகும்போது பெரிய பெரிய ஐஸ் துகளாகத்தான் கட்டும், பழையபடி வராது. லேசாகத்தான் இளகியது என்றால் பால் ஊற்றி மிக்ஸியில் அடித்து, இந்தச் சாஸையும் ரெண்டு கரண்டி விட்டுக் குடித்துவிடுங்கள். முழுக்கத் தண்ணீராகி ரொம்ப நேரம் கிடந்ததா, யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கடலை மிட்டாய் நல்ல யோசனை, ஆனால் பாகு வெல்லம் என்பதால் சாஸில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.