ஆமையின் ஓடு மென்மையாகிறது, கிளிநொச்சிப் பக்கம் உதவி வேண்டும்

வட்டக்கச்சியில் இருக்கிறேன். மகள் வளர்க்கும் சிவப்புக்காது ஆமையின் ஓட்டு விளிம்பு, விரலால் அழுத்தினால் வளைகிறது. ஐந்து நாட்களாக எதையும் தின்னவில்லை. இரண்டு கண்களும் வீங்கியிருக்கின்றன.

வாங்கி ஏழு மாதம். ஓட்டின் நீளம் 8 சென்ரிமீற்றர். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, ஏறிக் காய ஒரு தட்டைக் கல், நீர் வடிகட்டி. நீரின் வெப்பநிலை 26 பாகை. மாரி தொடங்கும்வரை தினமும் முற்றத்து வெயிலில் அரை மணி நேரம் விட்டோம். அப்போது சுறுசுறுப்பாகத் திரிந்தது. கார்த்திகை மழையோடு வெயிலில் விடுவது நின்றுபோனது. மூடிய யன்னலோரம் வைத்தேன். ஓடு உறுதிப்படத் தேவையான, வெயிலில் உள்ள யூவிபி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்று பிறகுதான் அறிந்தேன். கல்லின் மேல் கட்டிய சாதாரண மின்குமிழ் சூட்டை மட்டுமே தருகிறது. கல்சியத்துக்காகக் கணவாய் ஓடு போட்டேன், கங்குன் கீரை கொடுத்தேன், உலர் இறாலை நிறுத்தினேன். பலனில்லை. இங்குள்ள மிருக வைத்தியர், மாடு ஆடுகள்தான் தனக்குப் பழக்கம் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். கையில் தூக்கினால் தலையை உள்ளே இழுக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. பார்க்கவே மனம் தாங்கவில்லை.

கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணத்தில் ஆமைக்கு வைத்தியம் பார்த்த அனுபவமுள்ள மிருக வைத்தியர் எங்கே இருக்கிறார்?