விப்பெட் கண்காட்சியில் நடுவர் எதைப் பார்த்து முதலிடம் கொடுக்கிறார்?

கொக்குவிலான் எழுதியது:

வணக்கம். இங்கிலாந்தில் வசிக்கும் என் அத்தான், ஓட்டத்துக்குப் பெயர்போன மெலிந்த நாயினமான விப்பெட்டை வளர்த்துக் கண்காட்சிகளுக்குக் கொண்டு செல்பவர். அந்த இனத்துக்கென்றே உள்ள கழகம் ஒன்று நடத்திய கண்காட்சியின் காணொளியை அவர் எனக்கு அனுப்பியிருந்தார். அதில், திறந்த பிரிவில் நின்ற பெண் நாய்களுள் ஒன்று, பின்னங்கால்களை நன்றாகப் பின்னுக்கு நீட்டி, கழுத்தை உயர்த்தி, பார்ப்பவர் கண்ணை எடுக்க முடியாதபடி நின்றது. நடுவரோ அதனை இரண்டாம் இடத்தில் வைத்துவிட்டு, அளவிலும் தோற்றத்திலும் அடக்கமான வேறொரு நாய்க்கு முதலிடம் கொடுத்தார். அத்தானிடம் காரணம் கேட்டபோது, "கையை வைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

என்னிடமும் கொழும்பிலிருந்து கொண்டுவந்த இளம் ஆண் விப்பெட் ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டு அதனைக் கொழும்பில் நடைபெறும் கண்காட்சி ஒன்றில் நிறுத்த எண்ணியுள்ளேன். ஆகவே, நடுவர் கையால் தடவிப் பார்ப்பது எதனை, நடையில் அவர் தேடுவது என்ன, உயரம் எவ்வளவு தூரம் கணக்கில் எடுக்கப்படுகிறது என்பவற்றை விளக்கமாக அறிய விரும்புகிறேன்.

கரவெட்டி – லீட்ஸ் எழுதியது:

தம்பி, நான் யோர்க்‌ஷயர் பகுதியில் இவ்வினத்தின் கண்காட்சிகளில் நடுவருக்கு உதவியாளராக நின்று வருபவன். நீங்கள் கேட்டதற்கான பதில் இனத்தர விதியின், அதாவது இவ்வின நாய் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்த விதியின், தொடக்கத்திலேயே இருக்கிறது. தசை வலிமையும் நளினமான உருவக்கோடும் ஒன்றுக்கொன்று ஈடாக அமைந்திருக்க வேண்டும் என்றும், வேகத்துக்கும் வேலைக்கும் ஏற்ற உடலாக இருக்க வேண்டும் என்றும், எந்த உறுப்பிலும் மிகை கூடாது என்றும் பிரித்தானியாவின் நாயினங்களுக்கான அமைப்பான கென்னல் கிளப்பின் விதி சொல்கிறது. உங்கள் கண்ணைக் கவர்ந்த அந்த நாயின் பின்னங்கால் வளைவே அதன் இடத்தைக் குறைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அளவுக்கு மிஞ்சி வளைந்து நீண்ட பின்னங்கால், நாயை நிறுத்திக் காட்டும்போது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் நடக்கத் தொடங்கியதும், அந்த மேலதிக நீளத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், கால் உடலுக்குக் கீழே வராமல் பின்னாலேயே உதைத்துக்கொண்டு நிற்கும். விதி கேட்பதோ, பின்னங்கால்கள் உடலுக்கு அடியில் நன்றாக வந்து நாயை முன்னோக்கித் தள்ள வேண்டும், முன்னங்கால்கள் நிலத்தை ஒட்டித் தாழ்வாக முன்னே செல்ல வேண்டும் என்பதையே. முன்காலைக் குதிரை நடைபோல உயர்த்தி வைக்கும் நாய், பார்வையாளரின் கைதட்டலைப் பெற்றாலும், இவ்வினத்தில் அது குறைதான்.

இனி, கைக்கு வருவோம். விப்பெட்டை மேசையில் ஏற்றித்தான் நடுவர் சோதிப்பார். தோள்பட்டை எலும்பு எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, அதிலிருந்து முழங்கைக்கு இறங்கும் மேற்கை எலும்பு போதிய நீளம் உடையதா என்பதை விரலால் தொடர்ந்து பார்ப்பார். இரண்டு தோள்பட்டைகளின் உச்சிகளுக்கும் நடுவில் ஓரளவு இடைவெளி இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார். ஓடிக்கொண்டே தலையைத் தாழ்த்தி முயலைப் பற்றுவதற்காக வளர்க்கப்பட்ட நாய்க்கு அந்த இடைவெளி தேவை. நெஞ்சின் ஆழம், தொடையின் அகலம், தசை கொழுப்பா இறுக்கமா என்பதெல்லாம் தொட்டால்தான் தெரியும். நம் ஊரில் சவாரி மாடு வாங்கப் போகிறவர் தோளிலும் தொடையிலும் கையை வைக்காமல் விலை பேசமாட்டார் அல்லவா, அதைப் போன்றதுதான் இதுவும்.

இவ்வினத்தில் கை இன்னும் முக்கியமாவதற்குக் காரணம் நிறம். பிரித்தானிய விதியில், மேர்ல் எனப்படும் சிதறல் திட்டு நிறத்தைத் தவிர, எந்த நிறமும் எந்தக் கலப்பும் ஏற்கத்தக்கவை என்பதால், வெள்ளைத் திட்டும் வரிகளும் கண்ணை எளிதில் ஏமாற்றிவிடும். தோளின் குறுக்கே நேராக இறங்கும் வெள்ளைப் பட்டை, நன்றாகச் சாய்ந்த தோளையும் செங்குத்தாகக் காட்டும். முதுகில் கிடக்கும் கரிய திட்டு, இல்லாத கூனலை இருப்பதாகக் காட்டும். முதுகின் வளைவு இடுப்புக்கு மேலே தொடங்கி, பின்புறம் வரை தொடர்ந்து செல்ல வேண்டும். தோளுக்குப் பின்னாலேயே தொடங்கினால் அது கூன் முதுகு. இந்த ஒன்றில் வழுக்குகிற நடுவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். நல்ல நடுவர் நாயின் முதுகுக்கோட்டை நடக்கும்போதும் பக்கவாட்டில் நின்று பார்த்து, அது மாறாமல் இருக்கிறதா என்று உறுதிசெய்வார்.

உயரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பிரித்தானிய விதியில் ஆண் 47 முதல் 51 சென்ரிமீற்றர், பெண் 44 முதல் 47 சென்ரிமீற்றர். அதைத் தாண்டினால் அங்கே உடனே வெளியேற்றமாட்டார்கள். எவ்வளவு தாண்டியது என்பதற்கேற்பக் குறையாகக் கணிப்பார்கள். அமெரிக்காவில் எல்லையே சற்றுக் கூடியது, ஆணுக்கு 19 முதல் 22 அங்குலம், பெண்ணுக்கு 18 முதல் 21 அங்குலம். ஆனால் அங்கே அரை அங்குலத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ நாய் தகுதி இழக்கும். உங்கள் கண்காட்சி எந்த விதியைப் பின்பற்றுகிறது என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தென்மராட்சி வேட்டைக்காரன் எழுதியது:

மேலே எழுதியவர் சொன்னவற்றை மதிக்கிறேன். இருந்தாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விப்பெட் ஓடுவதற்காக உண்டான நாய். வட இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளர்கள், எல்லைக்கோட்டில் துணியை அசைத்து அதனை நோக்கி ஓடவிட்டுப் பந்தயம் வைத்து வளர்த்த இனம் அது. கண்காட்சிக் களத்தில் அது ஒருமுறைகூட முழு வேகத்தில் ஓடுவதில்லை. துள்ளுநடையை மட்டும் பார்த்து ஓட்டத்தை ஊகிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் முயலுக்குப் போன நாய்களை நான் தேர்ந்தெடுத்தபோது, ஒரு நாள் காட்டில் விட்டுப் பார்த்த பிறகுதான் முடிவெடுத்தோம். பாதமும் நகமும் மூச்சும் அங்கேதான் தெரியும். நடுவர்கள் பாதத்துக்கு இன்னும் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: விரல்கள் நன்கு பிரிந்து, கணுக்கள் வளைந்து, அடிப்பாதம் தடித்திருக்க வேண்டும். மெல்லிய பாதமுள்ள நாய் எவ்வளவு அழகாக நின்றாலும் கல்லு நிலத்தில் ஒரு நாளும் நிலைக்காது.

மிருக வைத்தியர், திருநெல்வேலி எழுதியது:

ஐயா பாதத்தைப் பற்றிச் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஓட்டத்தை மட்டுமே அளவுகோலாக்குவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்ரற்றின் மரபணுவில் விப்பெட்களிடையே ஒரு மாற்றம் இருப்பதை 2007 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அந்த மாற்றம் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒற்றையாக வந்த நாய்கள் சராசரியை விடத் தசைப்பிடிப்புள்ளவையாகவும், பந்தயங்களில் வேகமானவையாகவும் இருந்தன. இருவரிடமிருந்தும் வந்தால், கழுத்தும் தோளும் தொடையும் புடைத்து, விப்பெட் என்றே சொல்ல முடியாத உருவம் பிறக்கிறது. வேகத்தை மட்டும் வைத்து இணை சேர்த்துக்கொண்டே போனால், அத்தகைய குட்டிகள் பிறக்கும் வாய்ப்புக் கூடும். மிகை கூடாது என்ற அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நடுவர் தீர்ப்புச் சொல்வதற்கு இதனால்தான் நான் மதிப்புக் கொடுக்கிறேன்.

கொக்குவிலான் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. காணொளியை மறுபடியும் பார்த்தேன். இரண்டாமிடம் பெற்ற நாயின் பின்னங்கால் உடலுக்குக் கீழே வரவேயில்லை என்பது இப்போது எனக்கும் தெரிகிறது. என் நாய் மேசையில் ஏற்றினால் உடலைக் குறுக்கி முதுகை உயர்த்திக்கொள்கிறது. இதற்கு என்ன செய்யலாம்?

கரவெட்டி – லீட்ஸ் எழுதியது:

பயந்து குறுகிய விப்பெட்டின் முதுகு கூனாகவே தெரியும். அந்த நிலையில் எந்த நடுவராலும் அதன் உண்மையான வளைவைக் கணிக்க இயலாது. வழுக்காத சாக்கு ஒன்றை மேசையில் விரித்து, நாளுக்குச் சில நிமிடங்கள் மட்டும் ஏற்றி, விரும்பித் தின்னும் எதையாவது கொடுத்து இறக்குங்கள். பழகிய பின்னர், வீட்டுக்கு வரும் உறவினர்களைக் கொண்டு பற்களையும் தோளையும் தொடச் சொல்லுங்கள். பல்லைப் பார்க்க வாயை முழுவதும் திறக்கத் தேவையில்லை; உதட்டை மெதுவாக விலக்கினால், மேல்வரிசை கீழ்வரிசையை ஒட்டி மூடியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஆண் நாய் என்பதால் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்றும் நடுவர் தொட்டுப் பார்ப்பார். அதற்கும் இப்போதே பழக்கிவிடுங்கள்.

ஐயாவின் பாத விடயத்துக்கும் ஒரு வார்த்தை. நகம் நீண்டால் விரல்கள் விரிந்து பாதம் தட்டையாகிவிடும். கிழமைக்கு ஒரு முறையாவது நகத்தைக் குறைத்து, அதனைத் தினமும் கெட்டியான ஒழுங்கையில் நடத்திக்கொண்டு போங்கள்.