புதுப்பிப்பு: கிறிஸ்துமஸ் பரிசுக்குத் தேர்ந்தெடுத்த புத்தகங்கள்

ஏற்காட்டில் கிறிஸ்துமஸுக்கு ஒன்றுகூடும் எங்கள் குடும்பத்தாருக்குச் சுவையான புத்தகங்களைப் பரிசளிக்க விரும்புவதாகச் சொல்லி, எவற்றை வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் அக்கறையோடு ஆலோசனை கூறினீர்கள். சேலத்துக் கடைகளில் நேரில் பார்த்துப் பெரும்பாலானவற்றை வாங்கிவிட்டேன்.

பெரியம்மாவுக்குக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த கதை என்பதால், அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலை அத்தியாயத்துக்கு அத்தியாயம் கிளப்பிக்கொண்டே போகிறது. மலைக்குளிரில் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத மாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான நாவலை நான் அறியேன். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை என்பதால் பல பதிப்பகங்கள் இதை வெளியிடுகின்றன. ஆகவே விலையை மட்டும் பார்க்காமல், ஒரு பக்கத்தைத் திறந்து படித்துப் பாருங்கள். மலிவுப் பதிப்பு ஒன்றில் எழுத்து பொடியாக இருந்ததோடு, மறுபக்க அச்சும் தாளில் ஊடுருவித் தெரிந்தது. அறுபதைத் தாண்டிய கண்களுக்கு அது தண்டனை. ஐந்து பாகங்களும் தனித்தனியாகக் கட்டப்பட்ட பதிப்பையே எடுத்தேன், ஏனெனில் படுத்தபடி படிப்பவருக்குப் புத்தகத்தின் கனம் முக்கியம்.

சித்தப்பாவுக்குத் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’.

அக்கா மகனுக்கு, 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸின் படக்கதைகள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் தங்கை மகளுக்கு நேஷனல் புக் டிரஸ்டின் படப்புத்தகங்கள். பண்டிகை நாளில் பிள்ளைகளின் கையில் பொது அறிவு நூலைத் திணிக்க எனக்கு மனம் வரவில்லை.

பதினான்கு வயதான அண்ணன் மகளுக்குரியது மட்டும் முடிவாகவில்லை. அவளையே கடைக்கு அழைத்துச் சென்று, அவள் கை நீட்டுவதை வாங்கிக் கொடுக்கப் போகிறேன்.