சாம்பல் கூட்டத்துக்குள் ஒரு காகச் சேவல்

உடுமலைப் பக்கத்திலிருந்து:

எங்களிடம் இருப்பது சிறுவிடை நாட்டுக்கோழி, அதிலும் சாம்பல் நிறம் மட்டும். 7 வருடமாக வெளிக்கோழி ஒன்றுகூட உள்ளே வரவில்லை. வளர்ந்ததில் நல்ல சேவலை விட்டு அதன் தங்கைகளோடும் மகள்களோடும் சேரவிட்டேன். அண்ணன் தங்கை ஒருமுறை சேர்ந்தாலே குஞ்சுக்கு ரத்த நெருக்கம் 25 சதவீதம் என்பது அப்போது தெரியாது. 14 முட்டை வைத்தால் 12 பொரித்த இடத்தில் 6, 5 என்று இறங்கியது. அடைக்கோழியைத்தான் குறை சொன்னேன். அப்புறம் ஒருமுறை, 22ஆம் நாளும் அசையாத முட்டைகளை உடைத்துப் பார்த்தேன். கூமுட்டை இல்லை. ரோமம் முழுக்க முளைத்த குஞ்சுகள். மஞ்சள் கரு பாதி வயிற்றுக்கு வெளியே, அலகு காற்றறைப் பக்கம் போகவே இல்லை. பொரித்ததிலும் இரண்டுக்கு விரல் கோணல். மனசே விட்டுப்போச்சு.

எங்கள் கோழிகளோடு ஒட்டுறவே இருக்கக் கூடாது என்று சிவகங்கைப் பக்கம் போய் ஒரு காகச் சேவல் வாங்கினேன். நல்ல கருப்பு. "நிறம் கெட்டுப்போகும்" என்று மாமா சண்டையே போட்டார். சாம்பலுக்குக் கருப்பு பகை இல்லை. சாம்பலும் சாம்பலும் சேர்ந்தால் கால்வாசி கருப்பு, பாதி சாம்பல், மிச்சம் வெள்ளையில் சாம்பல் சிதறியது. சாம்பலும் கருப்பும் சேர்ந்தால் பாதிக்குப் பாதி. இரண்டு வழியிலும் சாம்பல் பாதிதான்!

வெள்ளைக்கழிச்சல் நோய் பயத்தில் புதுச் சேவலை 30 நாள் தோட்டத்து மறுகோடியில் பஞ்சாரத்தில் வைத்தேன். பழைய சேவலை அகற்றிய பின்னும் பெட்டைக்குள் அதன் வித்து 2, 3 வாரம் தங்கும். அதனால் 3 வார முட்டை சமையலுக்குப் போனது. அடுத்த அடையில் 14க்கு 11 பொரித்தது; 6 கருப்பு, 5 சாம்பல். இரண்டாம் நாளே தாய் கிளறிய மண்ணில் முட்டிமோதிக்கொண்டு நின்றன.

திண்டுக்கல்லிலிருந்து:

அண்ணா, நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் கூட்டம் கீரி நிறக் கோழிகள். நிறம் வேறு என்றால் ரத்தமும் வேறு என்று நம்பி ஒரு வெள்ளைச் சேவல் வாங்கிவிட்டேன். பொரிப்பு கொஞ்சமும் ஏறவில்லை. அதைவிட, என் கீரிப் பெட்டைகளுக்கே வெள்ளைக் குஞ்சுகள் பிறந்தன. ஒளிந்திருக்கும் வெள்ளை, தாய் தகப்பன் இரண்டு பக்கமும் இருந்தால்தான் வெளியே வரும். சந்தேகத்தில் விற்றவரிடம் கேட்டால், அவர் கூட்டமே 4 வருடம் முன்பு என் வீட்டிலிருந்து போன முட்டையில் தொடங்கியதாம். நிறத்தைப் பார்த்தேனே தவிர, எங்கிருந்து வந்தது என்று கேட்கவே இல்லை.

மீண்டும் உடுமலையிலிருந்து:

தம்பி, நீங்கள் சொன்னது எல்லோரும் படிக்க வேண்டியது. எது எதற்கு உறவு என்று பார்த்துவைப்பதுதான் எனக்கும் அடுத்த வேலை. இந்த 11ஐயும் அண்ணன் தங்கையாகச் சேரவிட்டால் கிடைத்த தெம்பு அடுத்த ஈட்டுக் குஞ்சிலேயே குறையத் தொடங்கும். ஒவ்வொரு பெட்டையின் குஞ்சுக்கும் காலில் வேறுவேறு நிற கேபிள் டை போட்டிருக்கிறேன். கால் தடிக்கத் தடிக்க வெட்டி மாற்ற வேண்டும், மறந்தால் சதையில் இறங்கிவிடும்.

உங்கள் கூட்டம் உறவுக்குள்ளேயே நெருங்கியதுதான், என்னுடையதும் அப்படித்தான். ஆனால் ஒன்றுக்கொன்று உறவில்லை என்றால் இரண்டும் சேரும்போது குஞ்சு தேறும். முதல் ஈட்டில் கருப்பும் சாம்பலும்தான் அதிகம் வரும், சேவல் கழுத்தில் பொன்னிறம் எட்டிப்பார்க்கும். எனக்குச் சம்மதம். உங்கள் முட்டை இந்தப் பக்கம் எப்போதாவது வந்ததா என்று மட்டும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். இல்லையென்றால் தை பிறந்ததும் ஒரு கருப்புச் சேவலைக் கொண்டுவருகிறேன், ஒரு கீரிச் சேவல் கொடுங்கள்.